அளந்து போட்டது

இரவு பதினொன்றரைக்கு
எதிராளியின் விலை வந்து விழும்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
நாலாயிரத்து நூற்றுப் பத்து என்று தட்டிவிட்டுப்
பல் தேய்க்கப் போவேன்.
விலை ஒப்பிடும் பட்டியலில்
முதல் வரியில் நிற்பவனுக்குத்தான் பந்தியில் இலை;
மூன்றாம் வரிக்குக் கீழே
யார் விரலும் இறங்குவதில்லை.

காலையில் லிஃப்டில்
பதினோராம் மாடியிலிருந்து அந்த எதிராளி இறங்கி வருவாள்.
ஷர்மிளா பெல்லியப்பா.
ஈரத் தலை, தோளில் லேப்டாப், கையில் பாதி கடித்த ஆப்பிள்.
ஒன்பதாம் மாடியில் ஏறிக்கொள்வேன்.
பெல்லந்தூர் சிக்னல் பற்றிப் பேசுவோம்,
காவிரித் தண்ணீர் வராத கிழமை பற்றி.
இரண்டு ரூபாய் பற்றி மட்டும் பேசமாட்டோம்.
விடிவதற்குள் மறுபடி முந்திவிட்டாளா என்று
அவள் முகத்தில் தேடுவேன்.
அவளும் தேடுவாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
எங்கள் தளத்தில் அதையே தேபாஷிஷ்
வண்ணச் சதுரங்களாகச் சுவரில் காட்டுவார்.
நூறு ரூபாய் வந்தால்
நஷ்ட ஈட்டுக்கு எழுபத்தொன்று,
நம் செலவுக்கு முப்பத்து நான்கு.
கூட்டிப் பாருங்கள், என்பார்.
கூட்டிப் பார்ப்போம்.
ஐந்து ரூபாய் எங்கோ ஒழுகிக்கொண்டிருந்தது.

முதலில் பிஸ்கட் போனது.
பிறகு மைசூர் கிளை.
பிறகு அச்சடித்த பாலிசி, அதன் உறை, உறையின் பசை.
பிறகு, நள்ளிரவில் போனை எடுத்து
"முதல்ல சொல்லுங்க, உங்களுக்கு அடி ஏதும் இல்லையே?"
என்று கேட்கும் இருபத்தாறு பேர்.
அந்த ஒரு கேள்விக்கு நாலு விநாடி ஆகிறதாம்.
இப்போது ஓர் இயந்திரம்
நேராகப் பாலிசி எண்ணைக் கேட்கிறது.
முப்பத்து நான்கு முப்பத்தொன்றானது.
கைதட்டினோம்.
நானும்தான். கொஞ்சம் பலமாகவே.

மீதி இரண்டை நான்தான் கண்டுபிடித்தேன்.
ஏழாம் பக்கத்தில் ஒரு வரி:
எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தாலும் தருவோம்.
வேண்டுபவர் தனியாகக் கேட்டு வாங்கட்டும் என்று
அதை உருவினேன்.
யாரும் கேட்கவில்லை.
ஈடும் இறங்கியது, விலையும் இறங்கியது.
பதினாறு வாரம் முதல் வரியில் நின்றோம்.
அந்த ஊக்கத்தொகையில்
ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன்.

என் காருக்குப் புதுப்பிக்கும் நாள் வந்தது.
ஊழியர் சலுகை இருந்தும் எங்களிடம் போடவில்லை.
எந்தக் கயிற்றை உருவினோம் என்று தெரிந்தவன்
அந்தக் கட்டிலில் படுப்பானா?
ஷர்மிளாவின் கம்பெனியில் போட்டேன்.
ஏழாம் பக்கம் வரை படிக்கவில்லை.
எங்கே நேரம்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய் இரவு
அளக்காமல் வந்தது ஏரி,
பேஸ்மென்ட் சரிவில் வண்டி இறங்குவதுபோலவே இறங்கி.
காவலாளி நிரஞ்சன் போரோ
இடுப்பளவு நீரிலிருந்து மேலே ஏறி வந்து
இன்டர்காமில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்.
"எல்லாரும் மேலதானே இருக்கீங்க?"
எண்பத்தெட்டு வீடு.
யாரும் விநாடி எண்ணவில்லை.

மறுநாள் மோட்டார் ஓய்ந்த பிறகு
சேறு பூசிய இரண்டு பானெட்டுகளுக்கு முன்னால்
அவளும் நானும் போனும் கையுமாக நின்றோம்.
என் போனில் அவள் கம்பெனியின் இயந்திரம்.
அவள் போனில் என்னுடையது.
இரண்டிலும் ஒரே பெண் குரல்,
ஒரே கடையில் வாங்கியிருக்கிறோம் போல.

"உங்களோடதில் எஞ்சின் உண்டுதானே?" என்றாள்.
"உங்களோடதில்?" என்றேன்.

மெஷின் ஒன்றை அமுக்கச் சொன்னது.
இருவரும் அமுக்கவில்லை.

"போன வருஷம் மார்ச்," என்றாள், ஷூவைப் பார்த்தபடி.
"நான்தான் எடுத்தேன்."

நான் பிப்ரவரி.

ஒரு மாதம் முந்தியிருக்கிறேன்.